கடைசி வீட்டு அரிசி

ஆண்பிள்ளைகள் யாரும் போகத் துணியவில்லை. அதனால்தான் என்னை அனுப்பினார்கள். ஜப்பான்காரன் ஆட்சியில் ரோட்டில் தனியாக நடக்கிற ஆம்பளையை லாரியில் தூக்கிப் போட்டு, சயாமில் ரயில்பாதை போடக் கொண்டுபோய்விடுவார்கள். போனவர்களிடமிருந்து கடிதமும் வராது, ஆளும் வராது. பெண்பிள்ளைக்கு வேறு பயங்கள் உண்டு. ஆனால் நாற்பதைத் தாண்டிய, வெயிலில் கறுத்த, வாயாடி என்று பேர் வாங்கிய என்னை யாரும் தூக்கிக்கொண்டு போகமாட்டார்கள் என்று சபைப் பெரியவர்கள் நம்பினார்கள். அந்த நம்பிக்கைக்காக அவர்களை நான் இன்னும் முழுசாக மன்னிக்கவில்லை.

நான் திருநெல்வேலிப் பக்கத்துத் தேரிக்காட்டுக்காரி. வேதம் படித்துக் கொடுக்கும் வேலைக்காகத் தம்பி பொன்னையாவோடு மலாயாவுக்குக் கப்பலேறினேன். வந்து மூட்டையை அவிழ்ப்பதற்குள் சண்டை வந்துவிட்டது, கப்பலும் நின்றுபோனது. நான் சிரம்பானை ஒட்டிய பாரோயில் ஒரு குடிசையில் தங்கினேன். தம்பிக்கு லுக்குட் பக்கத்துத் தோட்டமொன்றில் வேலை கிடைத்தது. அங்கேயிருந்த மண்டோர் ஒருவன் பேர் சொல்லிக் கொடுத்து, தம்பியையும் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். மண்டோர் என்றால் கூலிகளை வேலைக்கு ஏவுகிறவன். வெள்ளைக்காரத் துரைகள் ஓடிப்போன பிறகு, எந்த வீட்டில் எத்தனை ஆம்பளை என்று ஜப்பான்காரனுக்குச் சொல்லத் தெரிந்தவன் அவன்தான்.

என்னை அனுப்பிய காரியமும் ஒரு மண்டோரைப் பற்றியது. கோலா சாவாவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் எங்கள் சபையார் கொஞ்சம் பேர் இருந்தார்கள். அவர்களில் மண்டோர் தேவசகாயமும் ஒருவர். ஜப்பான்காரன் ஆள் கேட்டபோது சொந்தக்காரப் பையன்களை ஒளித்துவைத்துவிட்டு, மற்ற வீட்டு ஆம்பளைகளின் பேரைச் சொன்னவர். அப்போதிருந்து அவரைச் சபைக்கு வெளியே நிறுத்தி வைத்திருந்தார்கள். இப்போது சிரம்பான் பெரியவர்கள் கூடி, அவரை முற்றிலும் விலக்குவது என்று முடிவு செய்தார்கள். போதகர் ஐயா மலேரியாவில் நடுங்கிக்கொண்டே என்னிடம் சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை எல்லாரும் கேக்கும்படி சொல்லிட்டு வா. அவருக்கும் அவர் வீட்டாருக்கும் இனிமே சபையில பங்கு இல்லை."

எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது? என் தம்பியைக் காட்டிக் கொடுத்தவன் கையில் கிடைக்கவில்லை. இவராவது கிடைத்தாரே என்றிருந்தது. எளியவனை ஒரு ஜோடிச் செருப்புக்கு விற்றவர்களைக் கடவுள் சும்மா விடமாட்டார் என்று ஆமோஸ் தீர்க்கதரிசி முழங்குகிற இடத்தில் ஒரு நூலை வைத்து, வேதாகமத்தைப் பையில் போட்டுக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை காலையில் சிரம்பானிலிருந்து காதர் பாயின் மாட்டுவண்டி கிளம்பியது. காதர் பாய் கீழக்கரைக்காரர். ஒரு காலத்தில் அவருடைய சாப்பாட்டுக் கடையில் கறிக்குழம்பு மணக்கும் என்பார்கள். நான் பார்த்ததெல்லாம் மரவள்ளிக்கிழங்கு ரொட்டிதான். அதைத் தோய்த்துத் தின்னக் கொடுக்கிற குழம்பில் மிளகாயைத் தேடித்தான் பார்க்க வேண்டும். சி ரூசா கடற்கரையில் கடல் தண்ணீரைக் காய்ச்சி உப்பு எடுக்கிறார்கள். அந்த உப்பையும் கருவாட்டையும் வாங்க அவர் வாராவாரம் போவார். வயதானவர், ஒரு கால் சாய்த்து நடப்பவர் என்பதால் சயாமுக்கு ஆகமாட்டார் என்று விட்டுவைத்திருந்தார்கள்.

வண்டிக்கு மசகு கிடையாது. செம்பனை எண்ணெயைத் தடவி ஓட்டினார். ரந்தாவுக்குப் பாதி வழியில் அச்சாணி கழன்று சக்கரம் தனியாக ஓடி ஓடைக்குள் விழுந்தது. நான் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கிச் சக்கரத்தை உருட்டி வந்தேன். பாய் ரப்பர் மரக்கொம்பு ஒன்றைச் சீவி ஆணி செய்தார். எங்கள் ஊரிலென்றால் அதற்குள் பத்துப் பேர் கூடி ஆளுக்கு ஒரு யோசனை சொல்லியிருப்பார்கள். இங்கே லாரிச் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு வேலை செய்தோம்.

வண்டி நகர்ந்த பிறகு பாய் கேட்டார். "அங்க போயி என்ன சொல்லப் போறீங்க டீச்சரம்மா?"

"தப்புப் பண்ணினவங்களுக்குத் தண்டனை உண்டுன்னு சொல்லப் போறேன்."

"சொல்லிட்டு?"

"சொல்லிட்டு வந்துருவேன் பாய்."

பாய் மாட்டை அதட்டிவிட்டுச் சிரித்தார். "எங்க யூனுஸ் நபியும் அப்படித்தான்லா. ஒரு ஊருக்கு வேதனை வரப்போவுதுன்னு சொல்லிட்டுக் கெளம்பிட்டாரு. பாத்தா, ஊரு சனம் பூரா அழுது மன்னிப்புக் கேட்டுருச்சு. அல்லாவும் விட்டுட்டான்."

அவருடைய யூனுஸ்தான் எங்கள் யோனா. நினிவே பட்டணம் மனந்திரும்பியதும் கடவுள் தண்டனையை நிறுத்திவிட்டார். யோனாவுக்கு ஏமாற்றம். ஊருக்கு வெளியே உட்கார்ந்து, இப்படி இரக்கப்படுவீர் என்று தெரிந்துதானே நான் வரமாட்டேன் என்றேன் என்று கடவுளிடமே சண்டைக்கு நிற்பார். அந்தக் கதையை ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்குச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறேன். நினிவே என்பது யோனாவின் சனத்தைச் சூறையாடியவர்களின் பட்டணம் என்பதை அந்த வண்டியில் உட்கார்ந்துதான் யோசித்தேன். அவர் வீட்டிலிருந்து யாரைக் கொண்டுபோனார்களோ. அவருடைய கோபம் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

ரந்தாவ் பக்கத்துப் பாலத்தில் ஜப்பான்காரன் காவல் நின்றது. இறங்கி, இடுப்பு வளைய வணங்க வேண்டும். பாயின் கால் காரணமாக அவர் இறங்கத் தாமதமாயிற்று. சிப்பாய் அவர் கன்னத்தில் ஓங்கி அறைந்தான். தொப்பி மண்ணில் விழுந்தது. பாய் அதை எடுக்காமல் குனிந்தபடியே நின்றார். அடுத்து என் பையைப் பிடுங்கிக் கொட்டினான். பக்கத்தில் நின்ற மலாய்க்காரப் போலீஸ்காரர், இது என்ன புத்தகம் என்று கேட்கிறார், மெதுவாகப் பதில் சொல்லுங்கள், கண்ணைப் பார்க்காதீர்கள் என்று மலாயில் சொன்னார்.

"சாமி புத்தகம்."

நூல் வைத்திருந்த இடத்தில் புத்தகம் தானாகத் திறந்தது. சிப்பாய் அந்தத் தாளைத் தடவிப் பார்த்துவிட்டு, அழகாகக் கிழித்து நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். மெல்லிய தாள். சிகரெட் சுருட்ட ஆகும். சிதறியதைப் பையில் அள்ளிப் போட்டுக்கொண்டு வண்டியில் ஏறினேன். கொஞ்ச தூரம் போன பிறகுதான் கோபம் வந்தது. அவன் புகைத்துத் தள்ளட்டும், ஆமோஸ் எனக்கு மனப்பாடம் என்று பாயிடம் சொன்னேன். பாய் கன்னத்தைத் தேய்த்துக்கொண்டு, "நல்லதும்மா" என்றார்.

தோட்டத்து முச்சந்தியில் என்னை இறக்கிவிட்டு, திங்கட்கிழமை திரும்பும்போது ஏற்றிக்கொள்கிறேன் என்று பாய் போய்விட்டார். தங்கியது எஸ்தர் வீட்டில். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். புருஷன் சயாமுக்குப் போனவன். சபைக் காரியங்களைப் பார்த்துக்கொள்கிறவள் அவள். மண்வெட்டி பட்டு அவள் பாதத்தில் பெரிய புண். பால்மரங்களை வெட்டிச் சாய்த்து மரவள்ளி நடச் சொல்லி ஜப்பான்காரன் உத்தரவு. வாழ்நாளெல்லாம் அந்த மரத்தில் பால் எடுத்தவர்களே அதை வெட்டினார்கள். அவித்த கிழங்கும், மரவள்ளிக் கொழுந்தை மசித்த கீரையும் வைத்தாள். பாய் தன் கையிருப்பிலிருந்து கொடுத்தனுப்பிய உப்பை அதில் தூவியதும் பிள்ளைகள் முகம் மலர்ந்தது.

மண்டோரைப் பற்றிப் பேச்செடுத்தேன்.

"அந்த ஆளு பேர இந்த வூட்டுல எடுக்காதீங்க டீச்சரம்மா" என்றாள் எஸ்தர். அத்தோடு நிறுத்திக்கொண்டேன். நிறுத்தாமல் இருந்திருந்தால் மறுநாள் அந்தத் தப்பு நடந்திருக்காது.

எங்கள் ஊர்க் கிறிஸ்தவ வீடுகளில் கைப்பிடி அரிசி என்று ஒரு வழக்கம் உண்டு. உலையில் போடுமுன் வீட்டுக்காரி ஒரு பிடி அரிசியைச் சபைக்கென்று தனியாக எடுத்து வைப்பாள். வாரம் ஒருமுறை சட்டி வரும்போது அதில் கொட்டுவாள். கடல் தாண்டி வந்தும் இவர்கள் அதை விடவில்லை. இப்போது அரிசி ஏது? காய்ந்த மரவள்ளியை நொறுக்கி, அதில்தான் ஒரு பிடி. சட்டியில் சேருவது சயாமுக்கு ஆள் போன வீடுகளுக்கு. சம்பாதிக்க ஆம்பளை இல்லாத அந்த வீடுகளில் பிள்ளைகள் உயிரோடிருப்பதே அதனால்தான். ஒரு விதி மட்டும் உண்டு. சபைக்கு வெளியே நிறுத்தப்பட்டவர் வீட்டுக்குச் சட்டி போகாது. சட்டியில் போடாத வீட்டுக்குச் சட்டியிலிருந்து ஒன்றும் கிடைக்காது.

சனிக்கிழமை சட்டி சுற்றும் நாள். எஸ்தரால் நடக்க முடியவில்லை. நான் போகிறேன் என்று சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினேன். எங்கள் ஆட்களின் வீடுகள் ஒரே லயத்தில், அதாவது கூலிகளுக்கான நீளக் கொட்டகையில், வரிசையாக இருந்தன. பிள்ளைகள் பின்னாலேயே வந்தார்கள். கடைசி வீட்டுக்கு முன்னால் மட்டும் நின்றுவிட்டார்கள். நாய் இருக்கும் என்று நினைத்துக்கொண்டு நான் போய்க் கதவைத் தட்டினேன். மண்டோர்களுக்குத் தனி வீடு உண்டு, லயத்தில் இருக்கமாட்டார்கள் என்பது எனக்குத் தெரியும். அதனால் வேறு சந்தேகம் வரவில்லை.

கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். சட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"எங்க வூட்டுக்கா?"

"பின்னே பக்கத்து வீட்டுக்கா வந்து நிக்கிறேன்? போடும்மா, வெயில் ஏறுது."

உள்ளே போனவள் சுளகு நிறைய அரிசியோடு வந்தாள். அரிசி. நான் அரிசியைப் பார்த்து எத்தனையோ நாளாயிருந்தது. "இவ்வளவுமா?" என்று கேட்டேன். "எடுத்து வச்சதுதான்" என்று சொல்லிக் கொட்டினாள். அவள் கண் கலங்கியிருந்ததை ஈர விறகுப் புகை என்று எடுத்துக்கொண்டேன். சட்டி விளிம்புக்கு வந்துவிட்டது. சிந்தக்கூடாதே என்று நானே கையை விட்டுக் கிளறி அமுக்கினேன்.

பெருமையோடு கொண்டுவந்து எஸ்தர் முன்னால் வைத்தேன். அவள் ஒரு மணியை எடுத்துப் பார்த்தாள். முகம் மாறிப்போயிற்று.

"இது யாரு வூட்டு அரிசி?"

"கடைசி வீடு."

"அது மண்டோர் வூடு டீச்சரம்மா. அவ பாக்கியம், அந்தாளு பொண்டாட்டி." எடுத்த மணியைச் சட்டியிலேயே போட்டாள். "மண்டோருக்குன்னு ஜப்பான்காரன் குடுத்த அரிசி. இது அரிசி இல்ல. எம் புருஷன்."

அரிசியை அமுக்கிய கையைச் சேலையில் துடைத்தேன். சேதி பரவி, பெண்கள் வந்து வாசலில் நின்றார்கள். கொட்டிவிட வேண்டும் என்றாள் ஒருத்தி. எல்லாருடைய பிடியும் அதில்தானே இருக்கிறது, கொட்டினால் ஒரு வாரம் பிள்ளைகளுக்கு என்ன கொடுப்பது என்றாள் இன்னொருத்தி. ஒருத்தி அரிசியையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் எஸ்தர் ஒரு பாயை விரித்துச் சட்டியைக் கவிழ்த்தாள். இருவரும் உட்கார்ந்து அரிசியைப் பொறுக்கத் தொடங்கினோம். அதுவும் வெள்ளை, மரவள்ளி நொறுங்கலும் வெள்ளை. பஞ்சத்தில் அரிசி மணியைக் குப்பை மாதிரி பொறுக்கித் தள்ளுவோம் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கமாட்டேன்.

பொறுக்கிக்கொண்டே எஸ்தர் மீதியைச் சொன்னாள். அந்த வாரம் ஜப்பான்காரர்கள் மறுபடி ஆள் கேட்டு வந்திருக்கிறார்கள். மண்டோரைக் கூப்பிட்டுப் பேர் சொல் என்றிருக்கிறார்கள். அவர் தன் பேரைச் சொன்னாராம். வேறு பேர் சொல் என்று அடித்திருக்கிறார்கள். வலது கை ஒடிந்தும் வேறு பேர் சொல்லவில்லை. மண்டோர் வேலையையும் வீட்டையும் பிடுங்கி, லயத்துக் கடைசி வீட்டில் தள்ளிவிட்டார்கள். திங்கட்கிழமை லாரி வந்து அவரைக் கொண்டுபோகும்.

"அப்ப மனசு மாறிட்டாரா?" என்றேன்.

"எனக்கென்ன தெரியும்? எம் புருஷன் போயி எவ்வளவு காலமாச்சு. இப்ப மாறினா அவரு வந்துருவாரா?"

வெளிச்சம் மங்கும்வரை பொறுக்கினோம். பாதிதான் பிரிந்தது. மீதி மரவள்ளியோடு கலந்தே கிடந்தது. பொறுக்கினதை எஸ்தர் ஒரு துணியில் முடிந்து மூலையில் வைத்தாள். நான் மறுநாள் சொல்லப்போகிற வார்த்தை என்ன செய்யும் என்பது அப்போதுதான் உறைத்தது. திங்கட்கிழமையிலிருந்து பாக்கியமும் ஆள் போன வீட்டுக்காரி. குடும்பத்தோடு விலக்கிவிட்டால் அவள் பிள்ளைக்குச் சட்டியிலிருந்து ஒரு பிடி கிடையாது.

ஞாயிறு ஆராதனை ஆயாக்கொட்டகையில் நடந்தது. நல்ல காலத்தில் வேலைக்குப் போகிறவர்களின் கைக்குழந்தைகளைத் தொட்டில் கட்டி வைத்திருந்த தகரக் கொட்டகை அது. சட்டியை நடுவில் வைத்திருந்தார்கள். தேவசகாயம் வெளியே, மழைத்தண்ணீர் ஓடும் காண் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். வழக்கமாக உட்காருகிற இடமாம். மழை தூறியது. முகம் வீங்கி, வலது கையில் அழுக்குத் துணி சுற்றியிருந்தது. பக்கத்தில் பாக்கியமும் குழந்தையும். எனக்கு அவரைப் பார்த்ததும் லுக்குட் மண்டோரைப் பார்த்த மாதிரி இருந்தது.

ஆமோஸைப் பார்க்காமலே சொன்னேன். என் குரல் எனக்கே பயமாக ஒலித்தது. எளியவனை விற்ற சனம், கடவுள் திரும்பிப் பார்க்கிற நாள், ஓடி ஒளிந்தாலும் தப்பாத நாள். "இப்ப சிரம்பான் பெரியவங்க சொல்லி அனுப்பினது" என்று தொடங்கினேன்.

"கொஞ்சம் நில்லுங்க டீச்சரம்மா." எஸ்தர் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். வெளியே பார்த்துக் கேட்டாள். "மண்டோரே, எம் புருஷன் பேர அவனுங்க கேட்டானுங்களா, நீங்களாச் சொன்னீங்களா?"

தேவசகாயம் எழுந்து நின்றார். "அவனுங்க ஆள்தான் கேட்டானுங்க. பேர நாந்தான் சொன்னேன். அண்ணன் மவனுங்கள ஒளிச்சு வச்சுட்டு ஒம் புருஷனச் சொன்னேன். ஒரு தடவ காலையில பேர் கூப்புடுற பெரட்டுக்களத்துல என்னைய எதுத்துப் பேசினான். அதையும் மனசுல வச்சுத்தான் சொன்னேன்."

அவர் அழவில்லை. மன்னித்துவிடு என்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

"அந்த அரிசி?"

பாக்கியம்தான் பதில் சொன்னாள். "சட்டி எங்க வூட்டுக்கு வராட்டியும், ஒலையில போடுமுன்ன ஒரு பிடி எடுத்து வச்சுருவாருக்கா. புள்ளைக்கு இல்லாம யாருக்கு வக்கிறீங்கன்னு சண்ட போடுவேன். சட்டி வரும்போது வரட்டும்பாரு."

எஸ்தர் வெகுநேரம் நின்றாள். புண் வலித்திருக்கும். பிறகு உட்கார்ந்துகொண்டே சொன்னாள். "நாளைக்கு லாரி வந்தா பாக்கியமும் நம்மள மாதிரிதான். சட்டி அவ வூட்டுக்கும் போவட்டும்."

"அப்ப அந்தாளு செஞ்சது?" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

"செஞ்சது செஞ்சதுதான். நான் மறக்க மாட்டேன். அதுக்காகக் கைப்புள்ள பட்டினி கெடக்கணும்னு நான் கேக்கல."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பெரியவர்களின் தீர்ப்பு என் நாக்கில் இருந்தது. சொல்லியிருந்தால் அதை மீற அங்கே யாருக்கும் உரிமையில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. இவ்வளவுதானா, ஒரு சுளகு அரிசிக்கும் ஒடிந்த கைக்கும் தீர்ந்துபோகிற கணக்கா இது என்று நினைத்தேன். ஆனால் புருஷனைப் பறிகொடுத்தவள் இறக்கி வைத்ததை நான் தூக்கிச் சுமப்பது எந்த நியாயம்? வெட்டுக்கிளி தின்ற வருஷங்களைத் திரும்பத் தருவேன் என்று கடவுள் சொன்னதாக யோவேல் புத்தகத்தில் இருக்கிறது. அதையும் எஸ்தர் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"சிரம்பான்ல இருந்து கொண்டாந்த வார்த்தை என்கிட்டயே இருக்கட்டும்" என்றேன். "நனையாதீங்க. உள்ள வாங்க."

தேவசகாயம் உள்ளே வந்து கடைசியில் உட்கார்ந்தார். யாரும் அவருக்கு இடம் விட்டு நகரவில்லை. விலகியும் போகவில்லை. பொறுக்காமல் மீந்த அரிசியோடு மரவள்ளியைச் சேர்த்து அளந்து அன்றைக்கே பங்கிட்டார்கள்.

திங்கட்கிழமை விடிந்து கொஞ்ச நேரத்தில் லாரி வந்தது. காதர் பாயின் வண்டியும் அப்போதே வந்து முச்சந்தியில் ஒதுங்கி நின்றது. தேவசகாயம் ஏறப் போனபோது எஸ்தர் நொண்டி நொண்டி வந்தாள். கையில் அந்தத் துணி முடிச்சு. சிப்பாய் ஏதோ கத்தினான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அடித்துவிடுவானோ என்று பயந்தேன்.

"அண்ணே" என்றாள். மண்டோரே என்று கூப்பிடவில்லை. "இது நாங்க பொறுக்கின அரிசி. அங்க அவரப் பாத்தா குடுங்க." முடிச்சை இறுக்கினாள். "பாக்கலன்னா நீங்களே சாப்புடுங்க."

இடது கையால் வாங்க மனமில்லாமல், அவர் ஒடிந்த வலது கையை நீட்டினார். சுற்றியிருந்த துணிமேல் முடிச்சை வைத்தாள். லாரி போய்விட்டது.

பாய் வண்டியை ரோட்டில் ஏற்றினார். பிறகு கேட்டார். "ஊரு என்னாச்சு டீச்சரம்மா?"

"விட்டாச்சு பாய்."

"ஒங்களுக்குக் கோவமா?"

"ஆமா."

பாய் தலையாட்டிவிட்டுக் கருவாட்டு மூட்டையை நகர்த்தி எனக்குச் சாய இடம் செய்தார். பாலத்தில் இந்தத் தடவை சீக்கிரமே இறங்கி இருவரும் வணங்கினோம்.

சிரம்பானில் போதகர் ஐயாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு, பெரியவர்களுக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன் என்றார். பாரோய்க்கு நடந்து வந்து அடுப்பைப் பற்றவைத்தேன். உலையில் போடுமுன் ஒரு பிடி மரவள்ளியை எடுத்துத் தனியாக வைத்தேன். லுக்குட் மண்டோரின் பேர் எனக்கு இன்றுவரை தெரியாது. அவனும் ஒரு நாள் லாரியில் ஏறியிருப்பான் என்றும், பொன்னையாவுக்கென்று நான் ஒரு முடிச்சை அவனிடம் கொடுப்பதாகவும் நினைத்துக்கொண்டு, எஸ்தர் சொன்னதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன். "பாக்கலன்னா" என்பது வரைக்கும் வந்தது.